கோக்கா ஏன் சுடுகிறது? எஸ்.எல்.ஆருக்கும் போல்ட் ரைபிளுக்கும் நடுவில் ஒரு விநாடி

என்.சி.சி. முகாமில் .22 டீலக்ஸ் ரைபிளில் ஐந்து ரவுண்டு சுட்ட பையன், எழுந்ததும் தன் காலி உறைகளைப் பொறுக்கி, உள்ளங்கையில் வைத்து எண்ணி உஸ்தாதிடம் (பயிற்சியாளரிடம்) கொடுப்பான். கை சுடாது. அவனே நாலைந்து வருடம் கழித்து காவல்துறை ஆயுதப்படைக்குப் போய், எஸ்.எல்.ஆர். (சுட்டதும் தானே உறையைத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைபிள்) சுடுகிறவருக்கு வலப்பக்கம் படுத்திருக்கும்போது ஒரு கோக்கா, அதாவது சுட்ட காலி உறை, காலருக்குள் விழுந்தால் போதும். கழுத்தில் பிறை வடிவத்தில் ஒரு கொப்புளம் பல நாளைக்கு நிற்கும்.

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இந்த இராமநாதபுரம் கடலோரத்தில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள் இல்லாத ஊர் குறைவு. அதனால் டீக்கடைப் பேச்சிலேயே இதற்கு விளக்கம் கிடைத்துவிடும். ஒன்று, "எஸ்.எல்.ஆர். வேகமாச் சுடும், அதான் சூடு." இன்னொன்று, "அது பெரிய தோட்டா, மருந்து ஜாஸ்தி." இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் விஷயத்தின் நடுப்புள்ளி இரண்டிலும் இல்லை. வேகம்தான் காரணம் என்றால், காலையில் குளிர்ந்து கிடக்கும் எஸ்.எல்.ஆரிலிருந்து வரும் முதல் கோக்கா சுடக்கூடாது. அதுவும் சுடத்தான் செய்கிறது. மருந்துதான் காரணம் என்றால், அதே மருந்து உள்ள தோட்டாவை, ஒவ்வொரு முறையும் பேரலின் பின்வாயை மூடும் போல்ட்டைக் கையால் இழுக்கவேண்டிய போல்ட் ரைபிளில் சுட்டாலும் அதே சூடு இருக்கவேண்டும். இருப்பதில்லை.

இதை நேராக ஒப்பிட நம் நாட்டிலேயே வசதி இருக்கிறது. 1962 சீனப் போருக்குப் பிறகு மேற்கு வங்காளத்தின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் இரண்டு ரைபிள்கள் ஒரே தோட்டாவுக்காகச் செய்யப்பட்டன. ஒன்று 1ஏ1 எஸ்.எல்.ஆர்., பெல்ஜியத்து எஃப்.ஏ.எல். ரைபிளின் வழி வந்தது. மற்றது பழைய .303 லீ என்ஃபீல்டின் உடம்பை 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாற்றி அமைத்த 2ஏ, அதன் பின் வந்த 2ஏ1. இரண்டுக்கும் 7.62×51 தோட்டாதான். ஒரே பெட்டியிலிருந்து எடுத்து இரண்டிலும் போடலாம். ஆகவே மருந்து, குண்டு, பித்தளை எதையும் குற்றம் சொல்ல வழியில்லை.

முதலில் உறையின் பித்தளைக்குள் எவ்வளவு வெப்பம் போகிறது என்று பார்த்துவிடலாம். 7.62 தோட்டாவில் மருந்து ஏறக்குறைய 3 கிராம். அது எரிந்தால் சுமார் 11,000 ஜூல் வெளிவரும். 9.3 கிராம் குண்டு விநாடிக்கு 840 மீட்டரில் போகிறது என்றால் அது எடுத்துக்கொண்டு போவது 3,300 ஜூல். மிச்சத்தில் பெரும்பகுதி பேரலின் வாய் வழியாக வாயுவோடு வெளியேறுகிறது. இன்னொரு பங்கு பேரலுக்குள் இறங்குகிறது. உறைக்குப் போய்ச் சேருவது சின்னப் பங்குதான். ஆனால் உறையும் சின்னப் பொருள்தானே? 11, 12 கிராம் பித்தளையை ஒரு டிகிரி சூடாக்க நாலரை ஜூல்கூட வேண்டாம். 500 ஜூல் உள்ளே போனது என்று வைத்துக்கொண்டால், அதாவது மொத்தத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே, உறை 110 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். நம் ஊர்க் காற்று 32 டிகிரி என்றால் உறை 140-ஐத் தாண்டி நிற்கும். 70 டிகிரி உலோகம் ஒரு விநாடி தோலைத் தொட்டாலே புண்ணாகும்.

இது வரைக்கும் இரண்டு ரைபிளுக்கும் வித்தியாசமே கிடையாது. ஸ்ட்ரைக்கர் (அடிக்கும் ஊசி) உறையின் அடியிலுள்ள கேப்பை அடிக்கிறது, மருந்து பற்றுகிறது, வாயுவின் வெப்பம் 2,500 டிகிரியைத் தாண்டுகிறது, உறையின் சுவர் விரிந்து, தோட்டா உட்காரும் சேம்பரின் சுவரோடு அப்பிக்கொள்கிறது. 900 டிகிரிக்குச் சற்று மேலே உருகிவிடும் பித்தளை அந்த வாயுவுக்குள் இருந்தும் உருகாததற்குக் காரணம் நேரம் குறைவு என்பதுதான். குண்டு பேரலை விட்டு வெளியேற ஒன்றேகால் மில்லி விநாடி அளவுதான் ஆகிறது. அடுத்த சில மில்லி விநாடிகளில் அழுத்தம் விழுந்துவிடுகிறது. அழுத்தம் விழுந்ததும் பித்தளை தன் மீள்தன்மையால் சற்றே சுருங்கி, சேம்பர் சுவரை விட்டு மயிரிழை விலகும். மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு இடைவெளி என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. உறையின் சுவர் நடுப்பகுதியில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. உள்பக்கம் வாங்கிய சூடு அந்தச் சுவரைக் கடந்து வெளிப்பக்கம் வந்து சேரவே சில மில்லி விநாடி வேண்டும். அதாவது வெப்பம் உறையின் வெளிமேல் வந்து நிற்கும்போது, சேம்பரோடு இறுக்கமாக ஒட்டியிருந்த நேரம் ஏறக்குறைய முடிந்துபோயிருக்கும். இனிமேல் அந்த உறை எங்கே இருக்கிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதுதான் அதன் சூட்டைத் தீர்மானிக்கிறது.

எஸ்.எல்.ஆரில் அது அங்கே இருப்பதே இல்லை. குண்டு கேஸ் துளையை (பேரலிலிருந்து வாயு பிரியும் ஓட்டையை) தாண்டியதும் பிஸ்டன் பின்னால் தள்ளுகிறது, போல்ட்டைச் சுமக்கும் கேரியர் பின்வாங்கிப் போல்ட்டின் பின்பக்கத்தை மேலே தூக்கி லாக்கை விடுவிக்கிறது, எக்ஸ்ட்ராக்டர் விளிம்பைப் பிடித்து உறையை இழுக்கிறது, எஜெக்டரில் முட்டி அது வலப்பக்கம் பறக்கிறது. முழுத் தானியங்கியாக வரும் எஃப்.ஏ.எல். நிமிடத்துக்கு 650, 700 ரவுண்டு போகும். அப்படியானால் ஒரு முழுச் சுற்றுக்கு 90 மில்லி விநாடி. உறை வெளியேறுவது அதன் முதல் பாதியிலேயே. எஸ்.எல்.ஆருக்குப் பின் வந்த இன்சாஸ் ரைபிளிலும் கதை இதுதான். நிமிடத்துக்கு 600 சொச்சம் என்றால் சுற்றுக்கு 100 மில்லி விநாடி.

2ஏ ரைபிளில் சுட்டவர் முதலில் தோள் அதிர்வை வாங்குகிறார், டார்கெட்டைப் பார்க்கிறார், கையை டிரிக்கரிலிருந்து எடுத்துப் போல்ட் குமிழுக்குக் கொண்டுபோகிறார், தூக்குகிறார், பின்னால் இழுக்கிறார். கை பழகியவருக்கு ஒரு விநாடி. பயிற்சிக்கு வந்தவருக்கு மூன்று நாலு விநாடி. உஸ்தாத் ஏதாவது திட்டினால் இன்னும் கூடும். அந்த நேரம் முழுக்க உறை இரும்புக்குள் அடைந்து கிடக்கிறது.

"கூடுதல் நேரம் உள்ளே கிடந்தால் கூடுதலாகத்தானே சுடவேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான். சேம்பரை அடுப்பு என்று நினைப்பதால் வரும் கேள்வி அது. சேம்பர் அடுப்பல்ல. எரிப்பு முடிந்துவிட்டது. குழலுக்குள் மிச்சமிருக்கும் வாயு இன்னும் ஆயிரம் டிகிரிக்கு மேல் இருக்கலாம், ஆனால் அழுத்தம் இறங்கிய பிறகு அதன் எடை சில மில்லிகிராம்தான். அதனிடம் மீதி இருக்கும் வெப்பம் பத்து ஜூல் அளவு. ஐந்நூறு ஜூலை வாங்கிக்கொண்ட உறைக்கு இன்னொரு பத்து ஜூல் ஒரு பொருட்டே இல்லை. எதிர்ப்பக்கம் பாருங்கள்: உறையைச் சுற்றி இருப்பது இரண்டு கிலோ அளவுக்குக் குளிர்ந்த எஃகு. உறை தன் ஐந்நூறு ஜூலையும் அப்படியே அதனிடம் கொடுத்துவிட்டாலும் அந்த எஃகு சராசரியாக அரை டிகிரிதான் ஏறும்.

எவ்வளவு வேகமாகக் கொடுக்கும்? உறைக்கும் சேம்பருக்கும் நடுவே 0.02 மில்லிமீட்டர் வாயுப் படலம், உறையின் வெளிப்பரப்பு 18 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துப் போட்டால், ஒன்றரை விநாடியில் உறை தன் கூடுதல் சூட்டில் மூன்றில் இரண்டு பங்கை இழந்துவிடும். அங்கங்கே பித்தளை எஃகை நேரே தொட்டுக்கொண்டும் இருக்கும், அதனால் நடைமுறையில் இன்னும் சீக்கிரம். இதே உறை காற்றில் கிடந்தால் அதே அளவு ஆற ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். எஸ்.எல்.ஆர். உறை பறக்கும் நேரம் அரை விநாடி. அதற்குள் அது ஒன்றும் ஆறாது. ஆடி மாதத்தில் கச்சான் காற்று எவ்வளவு வீசினாலும் சரி, காலரில் விழும்போது சேம்பரை விட்ட சூட்டோடுதான் விழும்.

ஆக, போல்ட் ரைபிளின் உறையும் அதே அளவுக்குச் சூடாகத்தான் செய்கிறது. நம் கைக்கு வருமுன் ஆறிவிடுகிறது, அவ்வளவுதான்.

இதைச் சோதிக்க இரண்டு ரைபிள்கூட வேண்டாம். எஃப்.ஏ.எல். குடும்பத்து ரைபிள்களில் கிரெனேடு ஏவுவதற்காக கேஸ் பிளக்கைத் திருப்பி வாயுவைப் பிஸ்டனுக்குப் போகவிடாமல் அடைக்கும் ஏற்பாடு உண்டு. அப்படி அடைத்துவிட்டால் ரைபிள் தானாகக் காக் ஆகாது, அதாவது அடுத்த ரவுண்டுக்குத் தயாராகாது. ஒவ்வொரு ரவுண்டுக்கும் காக்கிங் ஹேண்டிலைக் கையால் இழுக்கவேண்டும். ஆர்மரர் (ஆயுதங்களைப் பராமரிப்பவர்) கண்முன்னால், அனுமதியோடு, அப்படி ஒரு ரவுண்டு சுட்டு, மூன்று விநாடி பொறுத்து இழுத்தால் வெளியே விழும் உறை கையில் பிடிக்கும்படி இருக்கும். பிளக்கைப் பழையபடி திருப்பி அடுத்த ரவுண்டைச் சுட்டால் தொட முடியாது. ஒரே பேரல், ஒரே சேம்பர், ஒரே தோட்டா. மாறியது நேரம் மட்டும்.

டீக்கடை விளக்கங்களையும் முழுக்கத் தள்ளிவிட வேண்டாம். வேகமாகச் சுடும்போது சேம்பரும் சூடேறும். ஒரு ரவுண்டுக்குப் பேரலுக்குள் இறங்குவது இரண்டு, இரண்டரை ஆயிரம் ஜூல். சராசரியாக மூன்று டிகிரி ஏற்றம். இருபது ரவுண்டு மேகசினை ஒரே மூச்சில் காலி செய்தால் பேரல் அறுபது டிகிரி ஏறிவிடும், சேம்பருக்கு முன்பகுதி அதற்கும் மேலே. வைகாசி வெயிலில் மணலில் கிடந்த ரைபிள் என்றால் ஆரம்பமே ஐம்பது டிகிரியில்தான். அந்தச் சேம்பருக்குப் போல்ட் ரைபிளாகவே இருந்தாலும் உறையை ஆறவைக்கும் சக்தி குறைந்துவிடும். லீ என்ஃபீல்டில் நிமிடத்துக்குப் பதினைந்து ரவுண்டு போட்டுப் பழகியவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள்; அவர்களுடைய கடைசி உறைகள் நிச்சயம் சுட்டிருக்கும்.

.22 விஷயம் வேறு. அதில் மருந்து 0.1 கிராமுக்கும் கீழே, உறையின் எடை முக்கால் கிராம்கூட வராது. சூடு ஏறினாலும் இருப்பு மிகக் குறைவு. சேம்பரிலேயே இறங்கிவிடும், மிஞ்சினால் விரல் தொட்டதும் போய்விடும். தன்னியக்க .22-வின் உறை சுள்ளென்று ஒரு முறை குத்தும், கொப்புளம் போடாது.

மூன்றாவதாக ஒரு சின்னக் காரணம், வாயு. தன்னியக்க ரைபிளில் லாக் திறக்கும்போது பேரலில் கொஞ்சம் அழுத்தம் மீதி இருக்கும். அந்த வாயு உறையின் கழுத்தைச் சுற்றிப் பின்னால் கசியும். சுட்ட எஸ்.எல்.ஆர். கோக்கா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும்: வாய்ப்பக்கம் கறுப்புப் புகை படிந்து தோள்வரை இறங்கியிருக்கும், அதன் கீழே பளபளவென்று சேம்பரோடு அப்பியிருந்த பகுதி, உடம்பில் ஓரிடத்தில் ரிசீவரில் மோதிய நெளிவு, அடியில் விளிம்புக்குள்பக்கம் எக்ஸ்ட்ராக்டர் கடித்த தடம். 2ஏ ரைபிளின் உறையில் நெளிவு இருக்காது, எக்ஸ்ட்ராக்டர் தடமும் லேசாகத்தான் இருக்கும். எங்கிருந்தோ பொறுக்கிய இரண்டு உறைகளில் எது எதிலிருந்து வந்தது என்று பழகிய கண் பார்த்ததும் சொல்லிவிடும்.

அந்த எக்ஸ்ட்ராக்டர் தடத்தை ரேஞ்சில் யாரும் கவனிப்பதில்லை. கவனிக்கவேண்டும். எஸ்.எல்.ஆரின் கேஸ் ரெகுலேட்டர் உபரி வாயுவை வெளியே விடும் வகை. அதை அளவுக்கு மேல் மூடிவைத்தால் பிஸ்டனுக்கு அதிக வாயு போகும். போல்ட் சீக்கிரம் திறக்கும். உறை இன்னும் சேம்பரைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே இழுபடும். அடையாளங்கள் மூன்று. உறை வழக்கத்தைவிட ரொம்ப தூரம் பறக்கும், விளிம்பு வளைந்தோ பிய்ந்தோ இருக்கும், தோளில் உதை கடுக்கும். மறுபக்கம், வாயு போதாவிட்டால் போல்ட் முழுதாகப் பின்னால் போகாது. உறை வெளியேறும் வாசலில் நட்டுக்குத்தலாக மாட்டி நிற்கும். அப்படி நிற்பதைச் சிலர் விரலால் பிடுங்கப் பார்ப்பார்கள். அந்த உறை 140 டிகிரி. காக்கிங் ஹேண்டிலைப் பின்னால் இழுத்தாலே விழுந்துவிடும்.

நம் கடலோரத்தில் இன்னொரு சங்கடம் சேர்ந்துகொள்கிறது. மண்டபம், உச்சிப்புளி பக்கம் ஒரு ராத்திரி திறந்து வைத்த எஃகில் காலையில் உப்புப் பிசுபிசுப்பு இருக்கும். சேம்பரைச் சரியாகத் துடைக்காமல் விட்டால் உப்பு அரித்துக் குழிப் புள்ளிகள் விழும். சுடும்போது பித்தளை அந்தக் குழிகளுக்குள் பிதுங்கிப் பிடித்துக்கொள்ளும். போல்ட் ரைபிளில் இது பெரிதாகத் தெரியாது. ஏனென்றால் உறை ஆறும்போது சுருங்கும். பித்தளை எஃகைவிட அதிகமாக விரிந்து சுருங்கும் உலோகம்; 11.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள உறை நூறு டிகிரி இறங்கினால் விட்டம் 0.02 மில்லிமீட்டர் குறையும். சேம்பருக்கும் உறைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியே அந்த அளவுதான் என்பதை நினைத்துப் பாருங்கள். அதோடு போல்ட்டைத் தூக்கும்போதே உள்ளிருக்கும் சாய்வுப் பல் உறையை மெதுவாக, ஆனால் பலமாக நெம்பிக் கொடுக்கும். எஸ்.எல்.ஆருக்கு அந்தப் பொறுமை கிடையாது. சுட்ட சூட்டில், விரிந்த நிலையிலேயே வெடுக்கென்று இழுக்கிறது. அரித்த சேம்பர் என்றால் எக்ஸ்ட்ராக்டர் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வரும், உறை உள்ளேயே நிற்கும், அடுத்த தோட்டா அதன் முதுகில் போய் முட்டும்.

அப்படி மாட்டினால் செய்யவேண்டியது: பேரல் டார்கெட் பக்கமே இருக்கட்டும். மேகசினைக் கழற்று. போல்ட்டைப் பின்னால் இழுத்து நிறுத்தி, முட்டிய தோட்டாவை எடு. உள்ளே இருப்பது சுட்ட உறைதான், முழுத் தோட்டா அல்ல என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள். பிறகு ஒரு நிமிடம் சும்மா இரு. அந்த ஒரு நிமிடத்தில் உறை ஆறிச் சுருங்கும். மறுபடி போல்ட்டை விட்டு இழுத்தால் பல உறைகள் தாமாக வந்துவிடும். வராவிட்டால் ஆர்மரரிடம் கொடு. கிளீனிங் ராடை எந்தப் பக்கத்திலிருந்து, எப்படித் தட்டுவது என்று அவருக்குத் தெரியும். உள்ளே இருப்பது சுடாத முழுத் தோட்டா, சேம்பரும் கொதிக்கிறது என்றால் ஆறட்டும் என்று பக்கத்தில் உட்காரக்கூடாது. அங்கே சூடு தோட்டாவுக்குள் போகும். நைட்ரோசெல்லுலோஸ் மருந்து 160, 170 டிகிரி வாக்கில் தானே பற்றிக்கொள்ளக்கூடியது.

தோட்டா துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவிச் சுடலாமா என்று இங்கே அடிக்கடி கேட்பார்கள். கூடாது. உறை சேம்பரைப் பிடித்துக்கொள்வதால்தான் பின்னுதையில் ஒரு பங்கை சேம்பர் சுவர் தாங்குகிறது. எண்ணெய் வழுக்கினால் அந்தச் சுமை முழுக்கப் போல்ட்டின் மேல் விழும். சுடும் முன்னால் சேம்பர் உலர்ந்திருக்கவேண்டும். சுட்ட அன்று சாயங்காலமே புல் த்ரூவில் (பேரலைத் துடைக்க இழுக்கும் கயிற்றில்) நாலுக்கு இரண்டு அங்குலச் சிந்தித் துணி கட்டி இழுத்து, சேம்பரைத் தனி பிரஷ்ஷால் தேய்த்து, அதன் பிறகுதான் எண்ணெய்ப் படலம். பலர் பேரலை மட்டும் பளபளக்க வைத்துவிட்டுச் சேம்பரை மறந்துவிடுகிறார்கள். மாட்டுவது சேம்பரில்தான்.

இனி காலர் விஷயம். எஸ்.எல்.ஆரின் சூடான கோக்காவில் கொப்புளம் இரண்டாம்பட்சம். உறை வெளியே பறந்த அந்தக் கணத்திலேயே ரைபிள் அடுத்த தோட்டாவைச் சேம்பரில் ஏற்றி, சுத்தியலை இழுத்து, தயாராகி நிற்கிறது. போல்ட் ரைபிளில் உறை விழும்போது சேம்பர் காலி. கை முன்னால் தள்ளினால்தான் அடுத்தது ஏறும். பக்கத்து ஆளின் கோக்கா சட்டைக்குள் விழுந்து துள்ளுகிறவன் கையில் இருப்பது ஏற்றிய ரைபிள், விரல் பெரும்பாலும் டிரிக்கரில். ரேஞ்ச் விபத்துக்கு இதைவிடத் தோதான சூழ்நிலை வேறு இல்லை.

"உஸ்தாத், சட்டைக்குள்ள விழுந்துருச்சு, சுடுது!"

"சுடட்டும்டா. பேரல் முன்னாடியே இருக்கட்டும். விரலை எடு. சேஃப்டி போடு. ரைபிளைக் கீழ வை. இப்பச் சட்டையை உதறு."

இந்த வரிசையை ஃபயரிங்குக்கு முந்தின நாளே காலி ரைபிளோடு நாலு தடவை செய்யவைத்துவிட்டால், அன்றைக்கு உடம்பு தானாகச் செய்யும். அதோடு மேல் பட்டன் போடவேண்டும், சட்டைக் கையை இறக்கிவிடவேண்டும். வெக்கை தாங்காமல் பட்டனைத் திறந்துவிட்டுப் படுப்பதுதான் நம்மூர் வழக்கம். கண்ணாடி போட்டால் புருவத்தோடு இடைவெளி இல்லாமல் பொருந்தவேண்டும்; தொப்பி முனை அந்த இடைவெளியை மூடும். இடக்கைக்காரர் எஸ்.எல்.ஆர். சுட்டால் உறை வெளியேறும் வாசல் அவர் முகத்துப் பக்கம் இருக்கும். அவரை வரிசையின் வலக்கோடியில் போட்டாலும் அவருக்குப் பயனில்லை, பக்கத்து ஆளுக்குத்தான் நிம்மதி. பிரென் துப்பாக்கி வழி வந்த 7.62 எல்.எம்.ஜி. (இலகு இயந்திரத் துப்பாக்கி) உறைகளைக் கீழே தள்ளும், அங்கே காலருக்குப் பதிலாக முழங்கை கவனம்.

எல்.எம்.ஜி. என்றதும் ஒன்று சொல்லவேண்டும். வெளியே விழும் சூடான உறை துப்பாக்கிக்கு ஒரு வகையில் நன்மை. தன் ஐந்நூறு ஜூலைச் சேம்பருக்குக் கொடுக்காமல் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. மேற்கு ஜெர்மனியில் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் உறையே இல்லாத தோட்டாவுக்கு ஜி11 ரைபிளை உருவாக்கியபோது இது வெளிச்சமானது. உறை இல்லை என்றதும் சூட்டை வெளியே தூக்கிப் போடவும், மருந்தைச் சேம்பர் சுவரிலிருந்து மறைக்கவும் ஆளில்லாமல் போய், தோட்டா தானே பற்றும் சிக்கல் வந்தது. கடைசியில் அதிக சூட்டில் மட்டுமே பற்றும் வேறு மருந்தைத் தேடவேண்டியதாயிற்று.

உறையின் சூட்டை அளக்க விரும்புகிறவர்களுக்கு: காய்ச்சலுக்கு நெற்றியில் காட்டும் சாதனத்தின் அண்ணன், அந்த அகச்சிவப்புத் துப்பாக்கி, பித்தளையில் பொய் சொல்லும். பளபளப்பான பித்தளை தன் சூட்டுக்கு உரிய கதிர்வீச்சில் பத்தில் ஒரு பங்குகூட வெளியிடாது. மீதியெல்லாம் சுற்றுப்புறத்தின் பிரதிபலிப்பு. 140 டிகிரி உறையைக் காட்டினால் கருவி 40 என்று காட்டும், நம்பித் தொட்டால் தோல் உரியும். அதோடு ஓர் அடி தூரத்தில் அந்தக் கருவி பார்க்கும் வட்டம் உறையின் அகலத்தைவிடப் பெரிது. பக்கத்து மணலையும் சேர்த்துத்தான் அளக்கும்.

நம்பகமான வழி தண்ணீர். தெர்மோகோல் கப்பில் 50 மில்லி தண்ணீர், ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். சுட்ட உறையை விழுந்த இரண்டு விநாடிக்குள் இடுக்கியால் விளிம்பைப் பிடித்து எடுத்து உள்ளே போடவேண்டும். அடிப்பக்கம் தடித்த பித்தளை. வாய்ப்பக்கம் மெல்லியது, அதிகம் சூடானது. நீளவாக்கில் இந்த வித்தியாசம் சமனாகச் சில விநாடி பிடிக்கும். ஐந்து உறை போட்ட பிறகு தண்ணீர் 32-லிருந்து 40-க்கு ஏறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கிராம் தண்ணீரை 8 டிகிரி ஏற்ற 1,670 ஜூல். ஐந்து உறையின் எடை 57 கிராம், டிகிரிக்கு 22 ஜூல். வகுத்தால் 76 டிகிரி. ஆக உறை போகும்போது 40-உம் 76-உம் சேர்ந்து 116 டிகிரியில் இருந்திருக்கிறது. போடும்போது சுர்ரென்று சத்தம் வந்தால் கொஞ்சம் ஆவியாகப் போயிருக்கிறது, உண்மைச் சூடு இதைவிடக் கூடுதல். ரவுண்டுகளுக்கு நடுவே சேம்பர் ஆற நேரம் கொடுக்கவேண்டும், இல்லையென்றால் நாம் அளப்பது சேம்பரின் சூட்டையும் சேர்த்து.

இங்குள்ள போர் தண்ணீர் பெரும்பாலும் உவர். கேன் தண்ணீரையே பயன்படுத்தவும், அளந்த உறைகளை உடனே துடைத்து நிழலில் உலர்த்தவும். விட்டால் இரண்டு நாளில் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். உறை பொறுக்க பாலித்தீன் பை வேண்டாம், சூட்டில் ஓட்டை விழும். ஃபயரிங் பாயிண்டின் வலப்பக்கம் ஒரு சணல் சாக்கைப் பிரித்து விரித்துவிட்டால் பாதி உறை அதிலேயே விழும். தேரி மணலில் விழுந்தது கால் பட்டால் புதைந்துவிடும், பிறகு சல்லடை வைத்துத்தான் தேடவேண்டும். கொடுத்த ரவுண்டுக்கும் திரும்பிய கோக்காவுக்கும் கணக்கு ஒன்று குறைந்தால், அது கிடைக்கும் வரை யாரும் வண்டி ஏற முடியாது.